‘வேர் யூ ஆர் கோயிங்?’ - இந்தத் தப்பு எங்கிருந்து வருது?

இன்டர்வியூவில் பதில் தெரியும். ஆனா, அதை இங்கிலீஷில் அடுக்குறதுக்குள் வியர்த்துடுதா? காரணம் அறிவுக் குறைவு அல்ல. தாய்மொழி பழக்கிவைத்த சொல் வரிசை.

‘நான் காபி குடிக்கிறேன்’ - தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். ‘ஐ ட்ரிங்க் காபி’ - ஆங்கிலத்தில் நடுவில் வரும்.

கேள்வியில்தான் சிக்கல் அதிகம். ‘நீங்க அடையாறு போறீங்க’, ‘நீங்க எங்கே போறீங்க?’ - ‘அடையாறு’ இருந்த இடத்திலேயே ‘எங்கே’ உட்கார்ந்துகொள்கிறது. ஆங்கிலத்திலோ ‘வேர்’ முன்னால் வர வேண்டும். ‘ஆர்’ என்பதும் ‘யூ’வைத் தாண்ட வேண்டும். இரண்டாவதை மறந்தால், ‘வேர் யூ ஆர் கோயிங்?’

தாய்மொழியோடு ஒத்திருப்பது சுலபம், வேறுபடுவது கடினம் என்றார் அமெரிக்க மொழியியலாளர் ராபர்ட் லாடோ, 1957-ல். ஆனால், அது மட்டுமே காரணமல்ல. ஆங்கிலமே தாய்மொழியான குழந்தைகளும் ஆரம்பத்தில் இப்படித் தடுமாறுவதுண்டு.

சரி, வரிசை ஒன்றாக இருந்தால்? காந்தி 1918-ல் தொடங்கிய தட்சிண பாரத இந்தி பிரசார சபா தி.நகரில் இருக்கிறது. அங்கே இந்தி படிப்பவருக்கு ‘மைன் காபி பீதா ஹூன்’ அந்நியமாகத் தெரியாது. வினைச்சொல் தமிழைப் போலவே கடைசியில். ஆனால், ‘குடிப்பதில்லை’யில் பின்னால் வரும் ‘இல்லை’, இந்தியில் ‘நஹீன் பீதா’ என முன்னால் போய்விடும். ஒத்த மொழியிலும் கவனம் தேவை.

எனவே, விதியை மட்டும் மனப்பாடம் செய்யாதீங்க. தினமும் பத்துக் கேள்விகளை வாய்விட்டுக் கேளுங்க. வரிசை நாக்குக்குப் பழகணும்!