நம்ம அலையே நம்ம காதை அடைத்தால்

சர்வதேச விண்வெளி நிலையத்தில் அமெச்சூர் வானொலிக்காரர்களுக்கு ஒரு ரிப்பீட்டர் இருக்கு. பசுமலை மொட்டைமாடியிலிருந்து 145.990 மெகாஹெர்ட்ஸில் பேசி, அதே நேரத்தில் 437.800-இல் கேட்கிறேன். நிலையம் கடந்துபோக அதிகபட்சம் பத்து நிமிஷம்தான். அதற்குள் காது அடைத்தால் அந்த வாய்ப்பு போச்சு.

145.990-ஐ மூன்றால் பெருக்கிப் பாருங்க: 437.970. கேட்கும் அலைவரிசைக்கு 0.17 மெகாஹெர்ட்ஸ்தான் தள்ளி! விண்ணிலிருந்து வரும் மெல்லிய குரலை நம்ம மூன்றாம் ஹார்மோனிக்கே அமுக்கிடும்.

ரெண்டு ஆன்டெனாவையும் தள்ளி வைத்தால் தொல்லை குறையும், தீராது. ரிசீவரில் போடும் ஃபில்டர், 145-இன் பலத்த அலை உள்ளே புகுந்து திணறடிக்காமல் தடுக்கும். ஆனால் 437.800-ஐ உள்ளே விடும் ஃபில்டர் 437.970-ஐயும் விட்டுடும். அதைக் கிளம்பும் இடத்திலேயே, டிரான்ஸ்மிட்டர் பக்கம் ஒரு லோ-பாஸ் ஃபில்டர் போட்டு நிறுத்தணும். ரெண்டு ஃபில்டருக்கும் வேலை வேறவேற.

2005 மே 5-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நம்ம ஹாம்சாட்டில் இந்த ஹார்மோனிக் வம்பு இருந்ததில்லை. 2014-இல் அது ஓயும்வரை, அதில் 435-இல் பேசி 145-இல் கேட்கணும்னு இருந்தது. ஹார்மோனிக் மேலே மேலேதான் போகும், கீழே இறங்காது.

பேசும் பட்டனை அழுத்தும்போது கேட்கும் குரல் மங்குதா? ரிசீவரை மட்டும் குறை சொல்லாதீங்க.