ஐப்பசி மழையும் நம் உடல்நலமும்

குளிர்நாடுகளில் ஆண்டின் இந்தக் கடைசி மாதங்களை இலையுதிர்காலம் என்பார்கள். நம் ரப்பர் மரங்களோ ஆண்டின் தொடக்கத்தில்தான் இலை உதிர்க்கின்றன. ஐப்பசியையும் கார்த்திகையையும் நம் முன்னோர் கூதிர்காலம் என்றார்கள். பினாங்கில் மழை மிகுந்து பெய்யும் காலம் இது. தீபாவளியும் மழையோடு சேர்ந்தே வருகிறது. கூடவே காய்ச்சலும் வருகிறது.

மழையில் நனைந்ததால் காய்ச்சல் வந்தது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். மழை நின்ற பிறகு தேங்கி நிற்கும் தண்ணீரை நாம் கவனிப்பதில்லை. டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது அதில்தான். அந்தக் கொசு பெரும்பாலும் சாக்கடையைத் தேடுவதில்லை. தெளிந்த தண்ணீரே அதற்குப் பிடிக்கும். காலையிலும் மாலையிலும் அது கடிக்கும்.

நம் ஊருக்கும் இந்த நோய்க்கும் பழைய தொடர்பு உண்டு. மலாயாவில் டிங்கிக் காய்ச்சல் முதன்முதலாக 1902-ஆம் ஆண்டில் பதிவானது பினாங்கில்தான். இரத்தக் கசிவோடு வரும் கடுமையான வகை 1962-இல் முதலில் கண்டறியப்பட்டதும் இங்கேதான்.

தோட்டத்து வரிசை வீட்டில் இருந்தாலும் சரி, தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்குக் குடிபோயிருந்தாலும் சரி, நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான். முட்டை கொசுவாவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ஆகவே வாரம் ஒரு நாள் வீட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும். தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், பூச்சட்டித் தட்டு, வெட்டாத மரத்தில் தொங்கும் பால் மங்கு எல்லாவற்றையும் கவிழ்த்துவிட வேண்டும். தண்ணீர் பிடித்துவைக்கும் தொட்டியைக் காலி செய்தால் மட்டும் போதாது. முட்டைகள் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் பல மாதம் உயிரோடு இருக்கும். தேய்த்துக் கழுவி, மூடிவைக்க வேண்டும்.

இனி மிக முக்கியமான ஒன்று. மூன்று நான்கு நாள் கொதித்த காய்ச்சல் திடீரென்று தணிகிறது. "விட்டுவிட்டது" என்று அம்மா மறுநாள் பெரட்டுக்குப் போகிறார். பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. ஒருநாள் சம்பளம் போகுமே என்ற கவலை நமக்குத் தெரியாததல்ல. ஆனால் டிங்கியில் ஆபத்து தொடங்குவது பெரும்பாலும் அந்த நாளில்தான். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கைகால் சில்லிடுதல், எழுந்திருக்க முடியாத சோர்வு ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும் கொடுக்கலாம். ஆஸ்பிரின் கூடாது, அது இரத்தக் கசிவைக் கூட்டும். கஞ்சியும் தண்ணீரும் அடிக்கடி கொடுக்க வேண்டும். கைமருந்தை நம்பி நாளைக் கடத்தக் கூடாது.

எலிக்காய்ச்சலையும் மறக்கக் கூடாது. செம்பனைக் காட்டில் எலிகள் அதிகம். அவற்றின் சிறுநீர் கலந்த சேற்றுநீர், காலிலுள்ள சிறு வெட்டுக்காயம் வழியாக நோயை உள்ளே கொண்டுபோகும். வேலைக்குப் போகும்போது பூட்ஸ் அணிவோம். காயத்தை மூடிக் கட்டுவோம். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், "செம்பனையில் வேலை செய்கிறேன்" என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல் சரியான மருந்து சீக்கிரம் கிடைக்க உதவும்.

2017 நவம்பரில் பினாங்கிலும் செபராங் பிறையிலும் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்ததை நாம் மறக்கவில்லை. வெள்ளம் வடிந்த பின் தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும். நனைந்த உணவை, விலை பார்க்காமல் எறிந்துவிட வேண்டும்.

மழையை நாம் நிறுத்த முடியாது. மங்கைக் கவிழ்க்க முடியும். இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வருவோம்.