வானத்திற் பேசும் மொழி

ஒருவரோடொருவர் நேரிலே உரையாடும்பொழுது சொற்கள் மட்டும் பேசுவதில்லை. முகமும் கண்ணும் கையும் உடன் பேசுகின்றன. கேட்பவர் விளங்கிக்கொள்ளவில்லை என்பதை அவர் முகத்தைக் கண்டே பேசுபவர் அறிந்துகொள்கின்றார். வானொலிக் கருவி வாயிலாகப் பேசும்பொழுதோ இத்துணைகள் யாவும் நீங்கிவிடுகின்றன. எஞ்சி நிற்பது குரல் ஒன்றே. அக்குரலை நம்பியே ஆகாய விமானங்கள் தரையை விட்டெழுகின்றன. மீண்டும் தரையை வந்தடைகின்றன. ஆதலின், விமானிக்கும் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலுள்ள அதிகாரிக்கும் இடையே ஒரு சொல் பிறழ உணரப்பட்டாலும் அதன் விளைவு மிகப் பெரிதாகும்.

தமிழிலே 'சரி' என்னும் சிறு சொல்லை எடுத்துக்கொள்வோம். 'நீர் சொன்னது காதில் விழுந்தது' என்பதற்கும் சரி என்கிறோம். 'உமது கருத்துக்கு உடன்படுகிறேன்' என்பதற்கும் அதுவே. 'அவ்வாறே செய்யும்' என்று அனுமதி அளிப்பதற்கும் அதுவே. வீட்டுத் திண்ணையில் இதனால் தீங்கு நேர்வதில்லை. ஆங்கிலத்தில் வழங்கும் 'ஓக்கே' என்னும் சொல்லும் இத்தன்மையதே. அச்சொல் ஒரு நாள் பேரழிவொன்றின் நடுவே நின்றது.

அத்திலாந்திக் சமுத்திரத்திலே கனேரித் தீவுகளுள் ஒன்றாகிய தெனெரிபேயில், 1977 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27 ஆந் திகதி அது நிகழ்ந்தது. அயலிலுள்ள கிரான் கனேரியாத் தீவின் விமானநிலையத்தில் குண்டொன்று வெடித்தமையால், அங்கு செல்லவேண்டிய விமானங்கள் தெனெரிபேக்குத் திருப்பப்பட்டன. அச்சிறிய நிலையத்தில் இருந்தது ஒரேயோர் ஓடுபாதை. பக்கத்துப் பாதையிலே விமானங்கள் நெருங்கி நின்றமையால், புறப்படும் விமானங்கள் ஓடுபாதை வழியாகவே அதன் மறுகோடிக்கு ஊர்ந்து செல்லவேண்டியதாயிற்று. முன்னே சென்றது ஒல்லாந்து நாட்டுக் கே. எல். எம். நிறுவனத்தின் போயிங் 747 விமானம். பின்னே சென்றது அமெரிக்காவின் பான் அமெரிக்கன் நிறுவனத்துக்குரிய அதே வகை விமானம். அந்நிலையம் மலைப்பாங்கான உயரத்தில் அமைந்தது. முகில் இறங்கி ஓடுபாதையை மூடிற்று. ஒரு விமானத்தை மற்றது காணவில்லை. கோபுரத்திலிருந்தோர் இரண்டையும் காணவில்லை. தரையில் நகர்வனவற்றைக் காட்டும் ராடார் கருவியும் அங்கிருக்கவில்லை.

ஒல்லாந்து விமானம் மறுகோடியை அடைந்து திரும்பி நின்றது. வானத்திலே செல்லவேண்டிய வழியைக் கோபுரம் அறிவித்தது. அது வழி பற்றிய அனுமதியேயன்றி, மேலெழுவதற்கான அனுமதியன்று. எனினும், 'மேலெழுந்தபின் வலப்புறம் திரும்புக' என அதனுள்ளே 'மேலெழுதல்' என்ற சொல்லும் இடம்பெற்றது. துணைவிமானி அதனைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கையிலேயே தலைமை விமானி விமானத்தை ஓட்டத் தொடங்கிவிட்டார். துணைவிமானி, 'நாம் இப்பொழுது மேலெழுதலில் இருக்கிறோம்' எனப் பொருள்படும் வாக்கியத்துடன் முடித்தார். மேலெழுவதற்கான இடத்திலே காத்து நிற்கின்றனர் எனக் கோபுரத்து அதிகாரி கருதினார். 'ஓக்கே' என்றார், சற்றே தாமதித்து, 'காத்திருங்கள், நான் அழைப்பேன்' என்றார்.

இவ்விடத்தில் வானொலிக் கருவியின் இயல்பொன்றை அறிதல் வேண்டும். ஒரு நிலையத்து விமானங்கள் பலவும் ஒரே அலைவரிசையிலே பேசுகின்றன. ஒரு நேரத்தில் ஒருவரே பேசுதல் கூடும். இருவர் ஒரே கணத்திற் பேசினால், கேட்போர் காதில் விழுவது பெரும்பாலும் கீச்சென்ற ஓசையே. பேசிய இருவரும் தம் பேச்சுக் கெட்டதை அறியார். அன்றும் இவ்வாறே நேர்ந்தது. அதிகாரி காத்திருக்கச் சொன்ன அதே கணத்தில் அமெரிக்க விமானி, 'நாங்கள் இன்னும் ஓடுபாதையிலேயே இருக்கிறோம்' என அறிவித்தார். ஒல்லாந்து விமானத்திலே தெளிவாகக் கேட்டது 'ஓக்கே' என்னும் சொல் மட்டுமே. காக்கவேண்டிய இரு செய்திகளும் ஒன்றையொன்று அழித்துவிட்டன.

இன்னுமொரு வாய்ப்பு எஞ்சியிருந்தது. அடுத்து நிகழ்ந்த பேச்சைக் கேட்ட ஒல்லாந்து விமானத்துப் பொறியியலாளர், அமெரிக்க விமானம் ஓடுபாதையை விட்டு நீங்கவில்லையோ என ஐயுற்று வினவினார். நீங்கிவிட்டது எனத் தலைமை விமானி உறுதியாகக் கூறினார். அனுபவமும் மதிப்பும் மிக்க அவரை மீண்டும் ஒருவர் வினவவில்லை. சில விநாடிகளில் இரு விமானங்களும் மோதின. மாண்டோர் 583 பேர். உயிர் தப்பியோர் 61 பேர்.

அவ்விபத்துக்குப் பின் வானத்து மொழி திருத்தப்பட்டது. மேலெழுதலைக் குறிக்கும் அச்சொல், மெய்யாகவே மேலெழ அனுமதி தரும்பொழுதும் அவ்வனுமதியை நீக்கும்பொழுதும் அன்றி வேறெப்பொழுதும் வழங்கலாகாது என்பது விதியாயிற்று. ஏனைய இடங்களில் 'புறப்பாடு' எனப் பொருள்படும் சொல்லே வழங்குகிறது. முக்கியமான கட்டளைகளைக் கேட்டவர் வெறுமனே உடன்பாடு கூறாது, அவற்றைத் திருப்பிச் சொல்லவேண்டும். சொன்னவர் அதனைக் கேட்டுப் பிழையிருப்பின் திருத்தவேண்டும். இளையவர் தம் ஐயத்தை அஞ்சாது கூறவும், மூத்தவர் அதனைச் செவிமடுக்கவும் விமானிகளுக்குப் பயிற்சி அளிக்கப்படுகிறது.

எனினும் விதி மட்டும் போதுமானதன்று. 1990 ஆம் ஆண்டு ஜனவரி 25 ஆந் திகதி, கொலம்பியாவிலிருந்து வந்த அவியாங்கா விமானமொன்று நியூயோர்க்கை அண்மி, மோசமான காலநிலை காரணமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் வானிலே காத்திருந்தது. எரிபொருள் குறைகிறது என்றும், தமக்கு முன்னுரிமை வேண்டும் என்றும் அதிலிருந்தோர் கூறினர். 'ஆபத்து நிலை' என்ற சொல்லை மட்டும் முறைப்படி அறிவிக்கவில்லை. 'முன்னுரிமை' என்பது அதிகாரிகளுக்கு அந்த அவசரத்தை உணர்த்தவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் வீழ்ந்தது. 158 பேருள் 73 பேர் இறந்தனர்.

பலநாட்டு விமானங்களின் பேச்சுக்கு ஆங்கிலமே பொதுமொழி. பலருக்கு அது தாய்மொழியன்று. பழகிய தொடர்களை ஒப்புவிப்பது எளிது. எதிர்பாராத இடர் நேர்ந்தால் அதனை விளக்குவதே அரிது. இதனால் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம், விமானிகளும் கட்டுப்பாட்டதிகாரிகளும் எய்தவேண்டிய மொழித்தேர்ச்சிக்கு 2003 ஆம் ஆண்டிலே தரங்களை வகுத்தது.

சொல்லிவிட்டதோடு சொன்னவர் கடமை முடிந்தது என எண்ணுவது மனித இயல்பு. வானத்திலே அக்கடமை, கேட்டவர் திருப்பிச் சொல்லி அது சரியென உறுதிப்பட்ட பின்னரே முடிகிறது. பயணிகள் அறியாத அச்சிறு பேச்சு, ஒவ்வொரு பயணத்திலும் அவர்களைக் காத்துநிற்கின்றது.