காட்டைக் காக்கும் செலவு யார் தலையில்?

நமது நாட்டின் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவது 1990ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. நல்ல முடிவுதான். மேலே காடு அழிந்தால் கீழே மண் சரியும், ஊற்று வற்றும் என்பதைப் பேராதனை, கம்பளைப் பக்கத்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் காட்டை மூடினாலும் கதவு, யன்னல், கட்டில் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லையே! அந்த மரம் எங்கிருந்து வருகிறது? பெரும்பங்கு நமது வீட்டுத் தோட்டங்களிலிருந்துதான். 1995இல் தயாரிக்கப்பட்ட வனத்துறைப் பெருந்திட்டத்தின் கணக்குப்படி, அறுக்கும் மரத்தில் சுமார் 40 வீதம் வீட்டுத் தோட்ட மரம். மிளகு, கிராம்போடு பலாவும் மஹோகனியும் நிற்கும் கண்டித் தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். காட்டின் சுமையை இன்று அவைதான் தாங்குகின்றன.

அங்கேயும் நினைத்தவுடன் கோடரி வைக்க முடியாது. பலா, ஈரப்பலா போன்றவற்றை அனுமதியின்றி வெட்ட 1951ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. பஞ்ச காலத்தில் சோறு போட்ட மரம் என்பதால் அந்தப் பாதுகாப்பு நியாயமானது. எனவே கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம் என்று நடக்க வேண்டும். பல வகை மரங்களை லொறியில் ஏற்றவும் அனுமதிப்பத்திரம் தேவை.

இதில் வியாபாரிக்கு வரும் உண்மையான செலவு கட்டணமல்ல, நாட்கள். தோட்டக்காரருக்கு முற்பணம் கொடுத்து இரண்டு மாதம் காத்திருந்தால் முதல் முடங்குகிறது. அந்தப் பணத்தில் இரண்டு தடவை சரக்குப் புரட்டியிருக்கலாம். பெரிய மரக்காலைக்காரர் தாங்குவார். சிறிய தளபாடக் கடைக்காரர் என்ன செய்வார்? விலையைக் கூட்டுவார், அல்லது பத்திரமில்லாத மரத்தை வாங்கி வம்பில் மாட்டுவார்.

குளிர்நாடான நியூசிலாந்து 2000ஆம் ஆண்டு தனது மேற்குக் கரையோர அரச காடுகளில் மரம் வெட்டுவதை நிறுத்தத் தீர்மானித்தபோது, அந்தப் பகுதிக்கு 12 கோடி நியூசிலாந்து டொலர் ஒதுக்கியது. காடு எல்லோருக்கும் பொது என்றால் அதைக் காக்கும் செலவும் பொது என்பதே அதன் பொருள். நாம் பணம் கேட்கவில்லை. விண்ணப்பத்துக்கு ஒரே இடம், பதிலுக்கு ஒரு கெடு, இவ்வளவுதான் கேட்கிறோம்.

அதுவரை நமது கையில் உள்ளதைச் செய்வோம். அனுமதி கைக்கு வருமுன் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். பத்திரங்களின் பிரதியைக் கடையில் வையுங்கள். காத்திருக்கும் நாட்களையும் அடக்கவிலையில் சேருங்கள். வெட்டிய இடத்தில் ஒரு கன்று நடும்படி தோட்டக்காரரிடம் சொல்லுங்கள். நமது பிள்ளைகளின் மரக்காலைக்குச் சரக்கு அங்கிருந்துதான் வர வேண்டும்.