ஒலிக்கலவைப் பலகையில் குரல் செல்லும் வழி

சில ஆண்டுகளுக்கு முன் நம் துறைக் கருத்தரங்கில் முதுபெரும் பேராசிரியர் ஒருவர் உரையாற்றினார். மெல்லிய குரலில் தொடங்கியவர், போகப்போக முழங்கினார். பலகையில் சிவப்பு விளக்கு எரியவே, மைக்செட்காரர் ஃபேடரைக் கீழே இறக்கினார். அரங்கில் ஒலி தணிந்தது, கரகரப்போ நீங்கவில்லை. பதிவிலும் உரையின் பிற்பகுதி முழுவதும் உடைந்த ஒலியாகவே இருந்தது. அப்பெருமகனார் இன்று நம்மிடையே இல்லை. பிழை எங்கே நேர்ந்தது என்பதை அறியவே எண்முறைக் கலவைப் பலகையின் உள்ளமைப்பை ஈண்டு காண முற்படுகிறோம்.

2012ஆம் ஆண்டு வெளிவந்த பெகரிங்கர் எக்ஸ்32 என்னும் பலகையை எடுத்துக்கொள்வோம். அதன் பின்புறத்தில் 32 ஒலிவாங்கி உள்ளீடுகளும் 16 வெளியீடுகளும் உள்ளன. முன்புறத்தில், மோட்டாரால் தாமே நகரும் 25 ஃபேடர்கள். ஒலிவாங்கியிலிருந்து வரும் மூன்றுமுனைக் கேபிளில் ஒரே குறிகை இரு கம்பிகளில் ஒன்றுக்கொன்று எதிராகச் செல்கிறது. வழியில் புகும் இரைச்சலோ இரண்டிலும் ஒருபோலவே படியும். உள்ளீட்டில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்க, இரைச்சல் மறைந்து குரல் எஞ்சும். எளிய கணக்குத்தான், எனினும் நீண்ட கேபிள்களெல்லாம் இதனை நம்பியே ஓடுகின்றன.

அடுத்து முன்பெருக்கி. ஒலிவாங்கியின் நலிந்த மின்னழுத்தத்தை இது உயர்த்துகிறது. உயர்த்தும் அளவே ‘கெயின்’. பின்னர் மாற்றி, அம்மின்னலையை நொடிக்கு 48,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 24 பிட் எண்ணாக எழுதுகிறது. இவ்வெண்ணுக்கு உச்சவரம்பு உண்டு. அதனை மீறும் அலையின் முகடு வெட்டுண்டு தட்டையாகிறது. வெட்டுண்ட பகுதி எங்கும் எழுதப்படுவதில்லை. ஆகவே மீட்பதற்கு ஒன்றுமில்லை.

அதற்குப் பின் நிகழ்வன யாவும் கணக்கீடுகளே. ஒலிச்சீராக்கம், ஒலியடக்கம், ஃபேடர், 16 கலவைத் தடங்கள் என எண்கள் பெருக்கப்பட்டும் கூட்டப்பட்டும் செல்கின்றன. இங்கே 40 பிட் மிதவைப்புள்ளி முறை கையாளப்படுவதால் இடம் தாராளம்; சற்று மிகினும் பின்னர்க் குறைத்துக்கொள்ளலாம். நம் அமைப்பாளர் இறக்கியது இப்பகுதியிலுள்ள ஃபேடரை. உடைப்போ அதற்கு முன்னரே, மாற்றியின் வாயிலில் நிகழ்ந்துவிட்டது. அவர் தொட வேண்டியிருந்தது கெயின் திருகையே.

மேடைப்பெட்டியிலிருந்து பலகைக்கு ஏ.இ.எஸ். 50 இணைப்பின் ஒற்றைக் கேபிளில் 48 தடங்கள் வரும். பார்வைக்குக் கணினி வலையமைப்புக் கேபிள்தான். ஆனால் இடையே கணினி ஸ்விட்சைச் செருகினால் இயங்காது.

பதிவைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். யு.எஸ்.பி. அட்டை வழியே 32 தடங்களையும் கணினியில் தனித்தனியே பதியலாம். உள்ளீட்டிலிருந்து நேரே அனுப்பும்படி வழியமைத்தால், ஃபேடரின் ஏற்றிறக்கம் அப்பதிவைத் தீண்டாது. கெயினின் பிழை மட்டும் அப்படியே பதியும். எனவே உரையாளரை, தம் உச்சக் குரலில் நான்கு வரி பேசுமாறு முன்னரே வேண்டி, அளவுகாட்டி -18 டெசிபலை ஒட்டி நிற்குமாறு கெயினை அமைக்கிறோம். இவ்வாண்டு முதல் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அரைமணி முன்னதாக அரங்கைத் திறந்துவைக்கிறோம்.