கோபுரம் மறைந்த பின்னும் வழி உண்டு

மரக்காணம் கடற்கரையில் வாழும் நம் மக்களுக்குத் தொழில் இரண்டு. கரையில் உப்பு, கடலில் மீன். இரண்டுமே திறந்த வெளித் தொழில்கள். உப்பளத்தில் ஒதுங்கி நிற்க மரநிழல் இல்லை; கடலில் வழி கேட்க மைல்கல் இல்லை. இன்று இவ்விரு தொழிலாளரின் கையிலும் கைப்பேசி இருக்கிறது. பேசுவதற்கும் பாட்டுக் கேட்பதற்கும் படம் எடுப்பதற்கும் அது பயன்படுகிறது. ஆனால், உயிர் காக்கும் வேளையில் அது செய்யக்கூடிய பணியைப் பலர் அறியாமலே இருக்கின்றனர்.

“கடலுக்குள்ள போனா டவர் கெடைக்காது சாமி; அப்புறம் செல்லு எதுக்கு?” என்று நம் மீனவர் கேட்பதுண்டு. இக்கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. கரையிலிருந்து சில கடல் மைல் தூரம் சென்றதும் தொலைபேசிக் கோபுரத்தின் தொடர்பு அறுந்து போகிறது; பேச இயலாது. எனினும், “நான் இருக்கும் இடம் எது?” என்னும் வினாவுக்கு விடை சொல்ல அக்கைப்பேசிக்குக் கோபுரமே தேவையில்லை. அந்த விடை வானத்திலிருந்து வருகிறது. எவ்வாறு வருகிறது, அதைப் பெற நாம் செய்ய வேண்டியது யாது, அதன் எல்லை எதுவரை என்பவற்றை ஒவ்வொரு கடற்கரைக் குடும்பமும் அறிந்திருத்தல் நலம்.

வானத்தைப் பார்த்து வழி கண்டவர்கள்

வானத்தைக் கொண்டு இடம் அறிவது நம் கரைக்குப் புதிதன்று. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினமும், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய பெரிப்ளூஸ் நூல் குறிக்கும் சோபட்மா என்னும் துறைமுகமும் இம்மரக்காணமே என்று ஆய்வாளர் பலர் கருதுவர். இங்கிருந்து கலம் செலுத்தியவர்கள் பகலில் கரையின் அடையாளங்களையும் இரவில் விண்மீன்களையும் நம்பினர்.

சோழமண்டலக் கரையின் மாலுமிகள் சிறு பலகை ஒன்றில் முடிச்சிட்ட கயிற்றைக் கோத்து, கயிற்றைப் பல்லால் கடித்துப் பிடித்து, வடமீன் தொடுவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்தனர். ஒவ்வொரு துறைமுகத்திற்கும் ஒரு முடிச்சு. தம் ஊருக்குரிய முடிச்சில் வடமீன் பொருந்தியதும் கலத்தை நேர் மேற்கே திருப்பினால் ஊர் வந்து சேரும். இக்கருவியைப் பற்றிக் காங்கிரீவ் என்னும் ஆங்கிலேய அதிகாரி 1850-ஆம் ஆண்டில் எழுதி வைத்திருக்கிறார். கைப்பேசி இன்று செய்வதும் அதே தொழில்தான். விண்மீனுக்குப் பதில் செயற்கைக் கோள். கயிற்று முடிச்சுக்குப் பதில் கடிகாரம்.

கடிகாரம் எப்படி இடத்தைச் சொல்கிறது?

அமெரிக்க நாடு நிறுவிய ஜிபிஎஸ் முறையில் ஏறத்தாழ 30 செயற்கைக் கோள்கள் பூமிக்கு மேலே 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றிலும் மிகத் துல்லியமான அணுக்கடிகாரங்கள் உள்ளன. “நான் இங்கிருக்கிறேன், இப்போது மணி இது” என்று ஒவ்வொன்றும் இடைவிடாது ஒலிபரப்பிக் கொண்டே இருக்கிறது. அச்செய்தி ஒளியின் வேகத்தில், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில், நம்மை வந்தடைகிறது. வந்து சேர எடுத்த நேரத்தைக் கணக்கிட்டால் தூரம் கிடைத்துவிடும். நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழை நேர்ந்தாலும் தூரக் கணக்கு 300 மீட்டர் பிசகிப் போகும். கைப்பேசியிலுள்ள கடிகாரம் அவ்வளவு நுட்பமானதன்று. ஆகவே இடத்தை அறிய மூன்று கோள்களும், கைப்பேசிக் கடிகாரத்தின் பிழையைத் திருத்த மேலும் ஒன்றும் என நான்கு கோள்கள் தேவைப்படுகின்றன.

முதலில் இராணுவத்திற்கென்றே அமைந்த முறை இது. 1983 செப்டம்பர் 1 அன்று தென்கொரியப் பயணி விமானம் ஒன்று பாதை தவறிச் சோவியத் வான்வெளியில் நுழைந்தது. அது சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டனர். அதன் பின்னரே, இம்முறை பொதுமக்களுக்கும் கட்டணமின்றித் திறக்கப்படும் என்று அமெரிக்க அரசு அறிவித்தது. பொதுமக்கள் பெறும் அளவில் வேண்டுமென்றே புகுத்தப்பட்டிருந்த பிழையும் 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கப்பட்டது. இன்று திறந்த வானத்தின் கீழ் நம் கைப்பேசி ஏறத்தாழ 5 மீட்டர் அளவிற்குள் இடத்தைச் சொல்லிவிடும்.

ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டு ஆகியனவும் இவ்வகையினவே. நம் இந்திய நாட்டின் முறை நாவிக். அதன் முதல் கோள் 2013 ஜூலை 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. ஏழாவது கோள் 2016 ஏப்ரல் 28 அன்று ஏவப்பட்டபோது நாவிக் என்னும் பெயர் சூட்டப்பட்டது. இம்முறை தடைகளையும் சந்தித்திருக்கிறது. சில கோள்களில் அணுக்கடிகாரங்கள் பழுதாயின. 2025 ஜனவரி 29 அன்று ஏவப்பட்ட கோள் உரிய பாதையை எட்டவில்லை. எனினும் 2023 மே 29 அன்று சென்ற கோள் நம் நாட்டிலேயே செய்த அணுக்கடிகாரத்தைத் தாங்கிச் சென்றது என்பது பெருமைக்குரியது. புதிய கைப்பேசிகள் இம்முறைகளில் பலவற்றை ஒருங்கே கேட்கின்றன. ஒன்று குறைந்தால் மற்றொன்று துணை நிற்கும்.

கரையிலேயே செய்ய வேண்டியவை

இவற்றையெல்லாம் கேட்பதற்குக் கைப்பேசி எதையும் வானுக்கு அனுப்புவதில்லை. வானொலிப் பெட்டியைப் போல் காதைத் திறந்து கேட்கிறது, அவ்வளவே. அப்படியானால் கடலில் சிலருக்கு அது ஏன் வேலை செய்வதில்லை? காரணங்கள் இரண்டு.

முதலாவது, கோள்களின் பாதை பற்றிய விவரம். டவர் உள்ள இடத்தில் இவ்விவரத்தை இணையம் சில நொடிகளில் கைப்பேசிக்குத் தந்துவிடுகிறது. டவர் இல்லாவிடில், கோள்களிடமிருந்தே மெல்ல மெல்லக் கேட்டுச் சேர்க்க வேண்டும். இதற்குச் சில நிமிடங்கள் ஆகலாம்; நெடுநாள் அணைத்து வைத்திருந்த கருவியாயின் கால் மணி நேரம் வரையிலும் செல்லலாம். பொறுமையின்றி அணைத்து அணைத்துப் போட்டால் ஒருபோதும் கிடைக்காது. ஆகவே படகு புறப்படும் முன்பே, கரையில் நின்று, லொக்கேஷன் என்னும் வசதியைத் திறந்து, நம் இடம் சரியாகக் காட்டப்படுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். தகரக் கூரையின் கீழும் உப்புக் கிடங்கினுள்ளும் நின்று பார்க்கலாகாது. தலைக்கு மேல் வானம் தெரிய வேண்டும்.

இரண்டாவது, வரைபடம். நாம் இருக்கும் இடத்தைச் சொல்வது செயற்கைக் கோள். அவ்விடத்தைச் சுற்றியுள்ள படத்தைத் தருவது இணையம். கடலில் இணையம் இல்லாதபோது, நீலப் புள்ளி ஒன்று வெறும் வெள்ளைத் திரையில் நிற்கக் காண்கிறோம். உடனே கருவி கெட்டுவிட்டது என்று எண்ணுகிறோம். கெடவில்லை, படம்தான் இல்லை. கரையில் இருக்கும்போதே நம் பகுதியின் படத்தைக் கைப்பேசியில் இறக்கிச் சேமித்து வைத்தால் இக்குறை தீரும். கூகுள் மேப்ஸ் செயலியில் இதற்கு வசதி உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்க்கென்றே உருவாக்கிய ஃபிஷர் ஃபிரண்ட் என்னும் செயலியும் உண்டு. தரைக்கென வரைந்த படத்தில் கடலின் ஆழமும் பாறையும் முகத்துவார மணல்திட்டும் இரா என்பதை மட்டும் மறக்கலாகாது. அவற்றை அறிந்தவர் நம் பெரியவர்களே.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கரையிலேயே சோதிக்கலாம். கைப்பேசியை விமானப் பயண நிலைக்கு மாற்றி டவரைத் துண்டித்துவிட்டு, லொக்கேஷன் திறந்திருப்பதைப் பார்த்துக் கொண்டு, கடற்கரையில் அரை மைல் நடந்து பாருங்கள். புள்ளி உங்களோடு நகர்ந்தால் கடலிலும் நகரும். பின்னர் கைப்பேசியை நீர் புகாத உறையில் இட்டு, மின்கலம் நிறைந்திருக்கக் கொண்டு செல்லுங்கள்.

ஊரின் எண்ணை அறிந்திருங்கள்

நம் வீட்டுக் கதவெண் நமக்கு மனப்பாடம். நம் ஊரின் எண்களும் அவ்வாறே மனப்பாடமாக வேண்டும். மரக்காணம் ஏறத்தாழ வட அட்சரேகை 12 டிகிரி 12 நிமிடத்திலும், கிழக்குத் தீர்க்கரேகை 79 டிகிரி 57 நிமிடத்திலும் அமைந்துள்ளது. அட்சரேகை நாம் தெற்கு வடக்காக எங்கிருக்கிறோம் என்பதைச் சொல்லும். அதில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், அதாவது 1.85 கிலோமீட்டர். தீர்க்கரேகை மேற்குக் கிழக்கைச் சொல்லும். கடலுக்குள் கிழக்கே செல்லச் செல்ல அது கூடும்.

ஆகவே திரும்பும் வழி எளிது. அட்சரேகை 12 டிகிரி 12 நிமிடமாகும் வரை வடக்கோ தெற்கோ சென்று, பின் அவ்வெண் மாறாமல் மேற்கே வந்தால் மரக்காணம் கரை. முடிச்சுக் கயிற்றின் காலத்து முறை இது. பக்கத்துக் குப்பத்தார் தத்தம் துறையில் நின்று தத்தம் எண்ணைக் குறித்துக் கொள்க.

இங்கே ஒரு பெரும் பள்ளம் உண்டு. சில கருவிகள் இதையே 12.20 என்று காட்டும். அது 12 டிகிரி 20 நிமிடம் அன்று; 12 டிகிரியும், ஒரு டிகிரியின் நூறில் 20 பங்கும் ஆகும். ஒரு டிகிரிக்கு 60 நிமிடமாதலால் அது 12 நிமிடமே. புள்ளியிட்ட எண்ணை நிமிடமாகப் படித்துவிட்டால் 8 கடல் மைல், ஏறத்தாழ 15 கிலோமீட்டர், பிசகிவிடும். ஆலம்பரைக் கோட்டையையும் தாண்டி வடக்கே போய் நிற்போம். படகு அங்கிருக்க, தேடுவோர் இங்கிருப்பர். எண்ணைப் பிறர்க்குச் சொல்லும்போது, “புள்ளி” இருந்தால் புள்ளி என்றும், “நிமிடம்” இருந்தால் நிமிடம் என்றும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

கைப்பேசியால் இயலாதது

2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலை நம் மறைமாவட்டங்கள் எளிதில் மறக்கா. குமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை முதலிய ஊர்களிலிருந்தும் கேரளக் கரையிலிருந்தும் ஆழ்கடல் சென்றவர்களில் நூற்றுக்கணக்கானோர் வீடு திரும்பவில்லை. அவர்கள் அறிவற்றவர்கள் அல்லர்; ஆழ்கடலை நன்கறிந்தவர்கள். பல படகுகளில் ஜிபிஎஸ் கருவி இருந்தது. தாம் இருக்கும் இடம் அவர்களுக்குத் தெரியும்; புயல் வருகிறது என்பது தெரியாது. அவர்கள் இருக்கும் இடம் கரைக்குத் தெரியாது.

இதுவே நாம் மனத்திற் கொள்ள வேண்டிய வேறுபாடு. இடத்தை அறிவது ஒன்று. செய்தியைப் பெறுவது மற்றொன்று. நம் இடத்தைப் பிறர்க்கு அறிவிப்பது மூன்றாவது. டவர் இல்லாத கடலில் சாதாரணக் கைப்பேசி செய்வது முதலாவதை மட்டுமே.

இரண்டாவதற்கென 2019 அக்டோபர் 9 அன்று ஜெமினி என்னும் சிறு கருவி வெளியிடப்பட்டது. ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்னும் கடல் தகவல் நிறுவனத்தின் எச்சரிக்கைகளை அது செயற்கைக் கோள் வழியே பெற்றுக் கைப்பேசிக்குத் தரும். ஆனால் படகிலிருந்து எதையும் கரைக்கு அனுப்பாது. மூன்றாவதற்கு, ஆபத்து வேளையில் செயற்கைக் கோள் வழியே கடலோரக் காவல் படைக்குச் செய்தி அனுப்பும் டாட் என்னும் கருவியை இஸ்ரோ உருவாக்கியது. இருவழியும் செய்தி செல்லும் டிரான்ஸ்பாண்டர் கருவியை ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்குப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிர மாநிலம் பால்கரில் தொடங்கப்பெற்றது. தம் படகுக்கு இவை கிடைக்குமா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டறிவது ஒவ்வொரு படகு உரிமையாளரின் கடமை.

கரையில் இருப்போர்க்கும் இது பொருந்தும்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, நம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய வெள்ளத்தில் தெருப்பெயர் சொல்லி உதவி கேட்பது எளிதன்று. உப்பளத்தில் தெருவே இல்லை. பாத்திகளுக்கு நடுவே ஒரு தொழிலாளி மயங்கி விழுந்தால், எந்த வரப்பு என்று 108 ஊர்திக்கு எப்படிச் சொல்வது? டவர் உள்ள கரையில் கைப்பேசி தன் இடத்தை ஒரு செய்தியாக அனுப்பவும் வல்லது. அதை அனுப்பக் கற்றிருந்தால் கால் மணி நேரம் மிச்சமாகும். அக்கால் மணி நேரம் ஓர் உயிராகவும் இருக்கலாம். கடலோரக் காவல் படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் காவலரின் 1093, பொது அவசர உதவியின் 112 ஆகிய எண்களைச் சுவர் நாட்காட்டியில் பெரிதாக எழுதி வைப்பது நலம்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பங்கின் இளைஞர்கள் அந்நாட்களில் வீடுதோறும் சென்று, படத்தை இறக்கி வைக்கவும் எண்ணைப் படிக்கவும் கற்றுத் தரலாம். தாய்மாரும் கற்றுக்கொள்ள வேண்டும். ஏனெனில், கடலுக்குப் போனவரைத் தேடி முதலில் குரல் கொடுப்பவர்கள் அவர்களே. புறப்படும் முன், “இன்ன திசையில், இத்தனை மைல், இன்ன நேரத்தில் திரும்புவோம்” என்று வீட்டாரிடம் சொல்லிச் செல்லும் வழக்கம் ஒவ்வொரு குடும்பத்திலும் நிலைபெறட்டும். நீ இருக்கும் இடத்தை வானத்துக் கோள் உனக்குச் சொல்லும். அதை உன் வீட்டாருக்குச் சொல்ல வேண்டியவன் நீயே.