எல்லோரும் பார்த்த பையன்

1782ஆம் ஆண்டு லண்டனுக்கு ஒரு பையன் வந்தான். வயது 21. பெயர் சார்லஸ் பர்ன். அயர்லாந்தின் வடக்கில், டெரியும் டைரோனும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் இருக்கும் லிட்டில்பிரிட்ஜ் அவன் ஊர். ‘அயர்லாந்து ராட்சசன்’ என்று விளம்பரம் செய்து, காசு வாங்கிக்கொண்டு அவனை ஊருக்குக் காட்டினார்கள். பிரபுக்கள் வந்தார்கள், மருத்துவர்கள் வந்தார்கள், பத்திரிகைகள் எழுதித் தள்ளின. எடின்பரோவில் இருந்தபோது ஏணி இல்லாமல் தெருவிளக்குச் சுடரிலேயே புகைக்குழாயைப் பற்றவைத்துக்கொண்டான் என்றொரு கதை இன்றும் உலவுகிறது. எட்டடிக்கு மேல் என்றார்கள் விளம்பரக்காரர்கள். பிற்பாடு எலும்புக்கூட்டை அளந்தபோது தெரிந்த உயரம் சுமார் 231 செ.மீ., அதாவது ஏழடி ஏழு அங்குலம்.

அவ்வளவு பேர் பார்த்தார்கள். அவன் ஒரு நோயாளி என்று யாருக்கும் தோன்றவில்லை.

சேர்த்துவைத்த 700 பவுண்டு திருடு போனது. குடி பிடித்துக்கொண்டது. 1783 ஜூன் மாதம், 22 வயதில் இறந்தான். தன் உடலை மருத்துவர்கள் அறுத்துவிடுவார்கள் என்ற பயம் அவனுக்குக் கடைசிவரை இருந்தது. கடலில் அடக்கம் செய்யுங்கள் என்று நண்பர்களைக் கேட்டுக்கொண்டான். ஆனால் ஜான் ஹன்டர் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர் பெருந்தொகை கொடுத்து உடலை வாங்கிவிட்டார். கடலை நோக்கிப் போன பெட்டியில் பர்ன் இல்லை. உடலைக் கொப்பரையில் வேகவைத்து எலும்பைப் பிரித்தெடுத்தார் ஹன்டர். சில ஆண்டுகள் கழித்து ஜோஷுவா ரெனால்ட்ஸ் வரைந்த ஹன்டரின் ஓவியத்தில், மேல் மூலையில் அந்த நெடிய கால் எலும்புகள் தொங்குவதைக் காணலாம். ஹன்டர் மேதைதான். ஆனாலும், செத்துக்கொண்டிருந்த ஒருவன் கேட்ட ஒரே வரத்தைப் பறித்ததை எந்த அறிவியலின் பேராலும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

1909இல் அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் லண்டனுக்கு வந்தார். ஹன்டர் சேகரிப்பின் பொறுப்பாளரான ஆர்தர் கீத்துடன் சேர்ந்து பர்னின் மண்டையோட்டைத் திறந்து பார்த்தார். மண்டையின் அடித்தளத்தில், மூக்கின் வேருக்கு நேர் பின்னால், குதிரைச் சேணம் போன்ற சிறு பள்ளம் எல்லோருக்கும் உண்டு. பிட்யூட்டரி சுரப்பி உட்கார்ந்திருப்பது அங்கேதான். பட்டாணி அளவு, அரை கிராம் எடை. பர்னின் மண்டையில் அந்தப் பள்ளம் குடைந்தெடுத்ததுபோல் அகன்று கிடந்தது. உள்ளே ஒரு கட்டி வளர்ந்திருந்தது என்பதற்கு எலும்பே சாட்சி.

இந்தக் கட்டிகள் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. மற்ற உறுப்புகளுக்குப் பரவுவதும் மிக மிக அபூர்வம். தொல்லை என்னவென்றால், சுரப்பியின் செல்களே பெருகிக் கட்டியாவதால் அவை தங்கள் வேலையை நிறுத்துவதில்லை. கட்டளைக்குக் காத்திராமல் ஹார்மோனைக் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. எந்த ஹார்மோன் என்பதைப் பொறுத்து நோயின் முகம் மாறுகிறது.

பர்னுக்குச் சுரந்தது வளர்ச்சி ஹார்மோன். பெரியவர்களுக்கு இது வந்தால் தாடையும் கையும் காலும் தடிக்கும், மோதிரம் இறுகும், செருப்பு அளவு மாறும். உயரம் கூடாது. ஏனென்றால் நீண்ட எலும்புகளின் முனையில் இருக்கும் குருத்தெலும்புத் தகடுகள் அதற்குள் மூடிப்போயிருக்கும். பிள்ளைகளுக்கு அந்தத் தகடுகள் திறந்திருக்கின்றன. அவற்றை மூடச் சொல்லும் உத்தரவு பருவ வயதில் பாலின ஹார்மோன்களிடமிருந்து வர வேண்டும். பாலுறுப்புகளை எழுப்பிவிடும் செல்களும் இதே பட்டாணிக்குள்தான் இருக்கின்றன. கட்டி அவற்றை நசுக்கிவிட்டால் உத்தரவு வராது, பருவம் தள்ளிப்போகும், எலும்பு வளர்ந்துகொண்டே போகும். சாகும்போது பர்னுக்கு எலும்பு முனைகள் இன்னும் முழுதாக மூடியிருக்கவில்லை. அமெரிக்காவின் ஆல்டன் நகரில் பிறந்த ராபர்ட் வாட்லோ 272 செ.மீ. உயரத்துடன் 1940இல் இறந்தார். அவருக்கும் 22 வயதுதான். காலில் மாட்டியிருந்த தாங்குகருவி உரசிய கொப்புளம் சீழ்பிடித்து உயிரைக் குடித்தது. கடைசிவரை அவர் வளர்ந்துகொண்டுதான் இருந்தார்.

உயரம் கூடினால் யார் கண்ணுக்கும் தெரியும். நின்றுபோனால் தெரிவதில்லை. எனக்குக் கவலை தருவது இரண்டாவதுதான்.

குஷிங்கின் பெயரைத் தாங்கிய நோயில், பிட்யூட்டரிக் கட்டி சிறுநீரகத்தின் மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பிகளை ஓயாமல் விரட்டுகிறது. அவை கார்டிசால் என்ற ஹார்மோனை அள்ளிக் கொட்டுகின்றன. பிள்ளைக்கு முகம் உருண்டு சிவக்கும், வயிறு பருக்கும், கைகால் மெலிந்தே இருக்கும். சிலருக்கு வயிற்றிலும் தொடையிலும் ஊதா நிறக் கோடுகள் விழும், ரத்த அழுத்தம் ஏறும். வீட்டில் என்ன சொல்வார்கள்? ‘நல்லா கொழுகொழுன்னு இருக்கான்.’ பள்ளியில் வேறு பெயர் வைத்திருப்பார்கள். நொறுக்குத் தீனியைக் குறை, ஓடி ஆடு என்ற அறிவுரையோடு ஓரிரண்டு ஆண்டு போய்விடும்.

அதிகம் சாப்பிட்டுக் குண்டான பிள்ளை பொதுவாகத் தன் வயதுப் பிள்ளைகளைவிடச் சற்று உயரமாகத்தான் இருக்கும். கார்டிசாலோ வளர்ச்சியை அமுக்கிவிடும். எடை ஏறுகிறது, உயரம் அசையவில்லை என்றால் அது தீனியின் வேலை அல்ல. நான்கு வயது முதல் பருவம் தொடங்கும்வரை ஒரு பிள்ளை ஆண்டுக்கு ஐந்து, ஆறு செ.மீ. வளர வேண்டும். பிறந்தநாளன்று கதவு நிலையில் முதுகை ஒட்டி நிற்கவைத்துப் போட்ட பென்சில் கோடு இரண்டாம் ஆண்டும் அதே இடத்தில் விழுந்தால், சட்டை மட்டும் இரண்டு அளவு பெரிதாகியிருந்தால், அதுவே ஒரு பரிசோதனை முடிவு. மருத்துவரிடம் போகும்போது பழைய புகைப்படங்களை எடுத்துப் போங்கள். முகம் எப்போது மாறத் தொடங்கியது என்பதை அவை காட்டிக்கொடுக்கும்.

மருத்துவர் முதலில் கேட்பது, பிள்ளைக்கு என்ன மருந்து கொடுத்தீர்கள் என்பதாக இருக்கும். மூச்சிரைப்புக்கு நெடுநாள் கொடுத்த மாத்திரை, படைக்குத் தடவிய களிம்பு, நிறம் வெளுக்கும் என்று கடையில் வாங்கிய கிரீம், எதில் வேண்டுமானாலும் கார்டிசாலைப் போல வேலை செய்யும் ஸ்டீராய்டு இருக்கலாம். பிள்ளைகளிடம் இந்த முகம் தோன்றக் கட்டியைவிட அதுவே பெரிய காரணம். இதைத் தெரிந்துகொண்டு மருந்தைச் சட்டென்று நிறுத்திவிடவும் கூடாது. வெளியிலிருந்து வந்துகொண்டிருந்ததால் உள்ளே அட்ரீனல் தூங்கிப்போயிருக்கும். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. கட்டியை அறுத்தெடுத்த பிள்ளைகளுக்கும் இதே கதைதான். அட்ரீனல் விழித்துக்கொள்ளும்வரை, பல மாதங்களுக்கு ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை கொடுக்க வேண்டியிருக்கும்.

வளரிளம் பருவத்தில் அதிகம் காணப்படுவது புரோலாக்டின் சுரக்கும் கட்டி. தாய்ப்பாலுக்கான ஹார்மோன் அது. பெண் பிள்ளை வயதுக்கு வராமல் இருக்கலாம், வந்த மாதவிடாய் நின்றுபோகலாம். மார்பில் பால்போல் கசிந்தால் பயத்திலும் வெட்கத்திலும் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் மறைக்கும் பிள்ளைகள் உண்டு. அந்த மௌனத்தைத் திட்டாமல் திறக்க வேண்டும். பையன்களுக்கு வெளியே தெரியும் அடையாளம் குறைவு என்பதால் கட்டி பெரிதான பிறகே தெரியவரும். சுரப்பிக்கு நேர் மேலே இரு கண்களின் நரம்புகளும் குறுக்கே கடக்கின்றன. கட்டி அங்கே முட்டினால் இரு பக்க ஓரப் பார்வையும் போய்விடும். எதிரே இருக்கும் கரும்பலகை தெளிவாகத் தெரியும், தோளால் கதவில் மோதிக்கொள்வான்.

இங்கே ஒரு நல்ல சேதி உண்டு. பிட்யூட்டரியின் மற்ற ஹார்மோன்களை மூளை தூண்டிச் சுரக்கவைக்கிறது. புரோலாக்டினை மட்டும் டோபமின் என்ற பொருளால் எப்போதும் பிரேக் போட்டுப் பிடித்திருக்கிறது. அந்த டோபமினைப் போலவே வேலை செய்யும் காபர்கோலின் மாத்திரையை வாரத்துக்கு ஓரிரு முறை கொடுத்தாலே பெரும்பாலான கட்டிகள் சுருங்கிவிடுகின்றன. கத்தியே வேண்டாம்.

அதற்கு முன் தைராய்டு பரிசோதனை அவசியம். தைராய்டு வெகுநாளாகக் குறைந்திருந்தால் பிட்யூட்டரி அதை எழுப்பப் போராடித் தானே வீங்கும், புரோலாக்டினும் ஏறும். ஸ்கேனில் அசல் கட்டிபோலவே தெரியும். சாதாரண தைராய்டு மாத்திரையில் வடிந்துவிடும் வீக்கம் அது. ஒரு ரத்தப் பரிசோதனையை விட்டதால் ஒரு பிள்ளை அறுவை மேசை வரை போய்விடக் கூடாது.

குஷிங் நோய்க்கும் வளர்ச்சி ஹார்மோன் கட்டிக்கும் முதல் வழி அறுவைதான். மண்டையைத் திறப்பதில்லை, மூக்கின் வழியே போகிறார்கள். குஷிங் நோய்க் கட்டி சில மில்லிமீட்டர்தான் இருக்கும், எம்.ஆர்.ஐ.யில்கூடத் தென்படாமல் போவதுண்டு. நிறையச் செய்து பழகிய கை தேவைப்படும் வேலை இது. ஆகவே, அருகில் இருக்கும் மருத்துவமனையைவிட, இந்த அறுவையைத் தொடர்ந்து செய்துவரும் மருத்துவமனையைத் தேடிப்போவதுதான் சரி.

பர்னின் கதைக்கு இன்னொரு பகுதி மிச்சம் இருக்கிறது. 2011இல் லண்டன் மருத்துவப் பேராசிரியர் மார்ட்டா கோர்போனிட்ஸ் தலைமையிலான குழு, அவனுடைய பல்லிலிருந்து டி.என்.ஏ. எடுத்துப் படித்தது. ஏ.ஐ.பி. என்ற மரபணுவில் ஒரு பிழை இருந்தது. வடக்கு அயர்லாந்தில் இன்று வாழும் சில குடும்பங்களிலும் அதே பிழை. அவர்களுக்கும் பர்னுக்கும் பொதுவான மூதாதை ஒருவர் சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்திருக்க வேண்டும் என்று கணித்தார்கள். பிழையைச் சுமக்கும் எல்லோருக்கும் கட்டி வருவதில்லை, ஒரு பகுதியினருக்கே வருகிறது. 2014இல் இன்னொரு காரணமும் கண்டறியப்பட்டது. எக்ஸ் குரோமோசோமின் ஒரு துண்டு இரட்டிப்பாகிவிடும் அந்தக் குறையில், தவழும் வயதிலேயே குழந்தை அளவுக்கு மீறி வளரத் தொடங்குகிறது.

ஹன்டரின் சேகரிப்பு இருக்கும் லண்டனின் ஹன்டேரியன் அருங்காட்சியகம் 2023இல் மீண்டும் திறந்தபோது பர்னின் எலும்புக்கூடு பார்வைக்கு வைக்கப்படவில்லை. ஆனால் அடக்கமும் செய்யப்படவில்லை, ஆய்வுக்காக உள்ளே வைத்திருக்கிறார்கள். கடல் இன்னும் காத்திருக்கிறது. ஏ.ஐ.பி. பிழை உள்ள குடும்பங்களின் பிள்ளைகளைச் சிறுவயதிலிருந்தே ஆண்டுதோறும் சுவரோரம் நிற்கவைத்து உயரம் அளக்கிறார்கள், வளர்ச்சி ஹார்மோன் கூடினால் காட்டிக்கொடுக்கும் ஐ.ஜி.எஃப்.-1 அளவை ரத்தத்தில் பார்க்கிறார்கள். அப்படிக் கண்காணித்ததில், எந்தத் தொந்தரவும் தெரியாமல் விளையாடிக்கொண்டிருந்த சிலருக்கு, பட்டாணிக்குள் கட்டி சிறிதாக இருக்கும்போதே பிடிபட்டிருக்கிறது.